இடது எஞ்சின் முதலில்

உள்ளே போன க்ளெப் போன சூட்டோடு வெளியே வந்துவிட்டான். முகம் தொங்கிப்போயிருந்தது.

நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த புரோகோர் லுக்கிச் கடிகாரத்தைப் பார்த்தார். ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் பரீட்சை என்றால் ஒரு மணி நேரமாவது ஆகும். எஞ்சின் சூடேறும் நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒருத்தனை வெளியே அனுப்பிவிட்டார் என்றால், பரீட்சை அதிகாரி ஃபரீத் ரஷீதோவிச் இன்றைக்கு எந்த மூடில் இருக்கிறார் என்று கேட்கவா வேண்டும்!

“என்னடா, அவ்வளவு சீக்கிரமா கவுத்துட்டியா?”

“அண்ணே, நான் வந்து...”

“ஒண்ணும் சொல்லாத, எனக்குத் தெரியும். பனித் தடுப்பு சுவிட்சு, அதானே? போன தடவை என்னைக் கவுத்ததும் அதுதான். இடது எஞ்சினுக்கு முதல்ல போடணும். அது தாங்குதான்னு பாத்துட்டு அப்புறம் வலது. நீ ரெண்டையும் ஒண்ணாப் போட்டிருப்ப.”

“இல்லண்ணே, நான் சுவிட்சையே தொடல...”

“தொடவே இல்லையா! அடப்பாவி! பனி மழைல சுவிட்சைத் தொடாமப் பறந்தா அப்புறம் என்ன ஆகும்? சரி விடு, அழாத. போய் கேன்டீன் ரிம்மாகிட்ட சூடா ஒரு டீ வாங்கிக் குடி.”

க்ளெப் அழவில்லை. நாற்பது வயதை நெருங்கும் ஆள், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், புரோகோர் வேலை பார்க்கும் அதே கம்பெனியில் பைலட். தலையைச் சொறிந்துகொண்டு கேன்டீன் பக்கம் நடந்தான். பாவம், பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று புரோகோர் நினைத்துக்கொண்டார்.

அவருடைய நிலைமையும் ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. இலையுதிர் காலத்தில் ஒருமுறை தோற்றாகிவிட்டது. இன்றைக்கும் தோற்றால் லைசென்ஸ் போயிற்று. ஐம்பத்தாறு வயதில் ஹெலிகாப்டரைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறொன்றும் தெரியாது. மனைவி சோயாவோ, தோற்றால் சரான்ஸ்கில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கே இருவருமாகப் போய்விடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். அங்கே தோட்டம் இருக்கிறது, வெள்ளரி போடலாம், மாமியாரோடு ஒரே கூரையின் கீழ் வாழலாம். அந்தக் கடைசி வசதியை நினைத்தால்தான் புரோகோருக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் குளிர் தொடங்கியதிலிருந்தே சமையலறை மேஜையில் பயிற்சி நடந்தது. இரண்டு ஊறுகாய் ஜாடிகள் இரண்டு எஞ்சின்கள். மூடிகள் சுவிட்சுகள். சூப்புக் கரண்டிதான் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி.

“இங்க பாருங்க, அது வெள்ளரிக்கா ஊறுகா. உங்க எஞ்சின் இல்ல,” என்பாள் சோயா. “சும்மாச் சும்மா தொறந்து மூடினா பூஞ்சை புடிச்சிடும்.”

“பேசாத சோயா. இப்பத்தான் இடது எஞ்சின் சூடாகுது.”

ஊறுகாயில் உண்மையிலேயே பூஞ்சை பிடித்தது. இடது ஜாடியில் முதலில்.

எங்கள் ஊர்ப் பைலட்டுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ‘முடியாது’ என்ற சொல் அவர்கள் வாயில் வராது. கம்பெனி மேனேஜர் காலையில் வந்து “கிளம்ப முடியுமா?” என்று கேட்பதில்லை. “எப்ப கிளம்பறீங்க?” என்றுதான் கேட்பார். வெளியே வானம் இடிந்து விழுந்துகொண்டிருந்தாலும் பைலட் கையுறையை மாட்டிக்கொண்டே “இதோ” என்பான். யாராவது தயங்கினால், “ஏன்ப்பா, வீட்ல கம்பளி பின்ற வேலை பாக்கி இருக்கா?” என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். முப்பது வருஷத்தில் புரோகோர் ஒரு நாளும் தயங்கியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

நடைவழிச் சுவரில் மூன்று பேரின் படம், கீழே பிளாஸ்டிக் பூக்கள். போன குளிர்காலத்தில் பனி மழையில் கிளம்பிப் போனவர்கள். அவர்களில் ஒருவர் ஃபரீதோடு பல வருஷம் சேர்ந்து பறந்தவர். அடக்கத்தின்போது மேனேஜர் நிஜமாகவே அழுதார், அவர்களை வீரர்கள் என்றார். மறுநாள் காலை அடுத்த குழுவிடம் “எப்ப கிளம்பறீங்க?” என்று கேட்டார்.

“அடுத்தது!” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

சிமுலேட்டர் என்பது ஒரு பழைய ஹெலிகாப்டரின் மூக்கை மட்டும் வெட்டி எடுத்துத் திரைகளுக்கு நடுவே வைத்ததுதான். நாங்கள் எல்லோரும் ‘எட்டு’ என்று கூப்பிடுகிற ரகம். அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, பேசினால் புகை வந்தது. பின் இருக்கையில் ஃபரீத் கோட்டுக்குள் முடங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கூடப் பறந்தவரின் படம் சுவரில் ஏறிய பிறகு சுத்தம்.

“கேட்டுக்கங்க புரோகோர் லுக்கிச். மேகம் மரத்து உச்சியில உக்காந்திருக்கு. மைனஸ் மூணு. மழை, விழுந்த இடத்துலயே உறையுது. பன்னெண்டு ஆளு, கீழ வலையில ஆறு பீப்பா டீசல். எண்ணெய்க் கிணத்துக்குப் போகணும்னு மேனேஜர் குதிக்கிறாரு. கேப்டன் நீங்க. என்ன சொல்றீங்க?”

“இடது எஞ்சின் முதல்ல!” என்றார் புரோகோர்.

ஃபரீத் கண்ணை மூடித் திறந்தார். “முதல்ல ஒரு டீ குடிக்கிறீங்களா?”

“டீயெல்லாம் வேலை முடிஞ்சுதான்.”

“சரி,” என்றார் ஃபரீத், யாரோ செத்த செய்தியைக் கேட்டதுபோல.

புரோகோர் கிளப்பினார். ஆனால் ஒரு சிக்கல். பனித் தடுப்பைப் போட்டால் எஞ்சினின் சூடான காற்றில் ஒரு பங்கு அதன் வாயைச் சூடேற்றப் போய்விடும். அந்த அளவுக்குத் தூக்கும் சக்தி குறையும். வலையில் ஆறு பீப்பாய் தொங்கும்போது சக்தியை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? கொஞ்சம் மேலே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

போட்டார், இடது முதலில். அதற்குள் எஞ்சின் வாயில் பாளம் பாளமாகப் பனி கட்டியிருந்தது. சூடு பட்டதும் அது மொத்தமாகப் பெயர்ந்து உள்ளே போயிற்று. கடமுடவென்று ஒரு சத்தம். இடது எஞ்சின் நின்றது. மிச்சமிருந்த ஒற்றை எஞ்சின் பன்னிரண்டு பேரையும் ஆறு பீப்பாயையும் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. திரை வெள்ளையானது.

“லேட்டாப் போட்டுட்டேன்,” என்றார் புரோகோர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. அந்தக் குளிரிலும் வியர்த்தது.

“லேட்டுதான்,” என்றார் ஃபரீத். “இன்னொரு தடவை. தரையில நிக்கிறீங்க. மேகம் மரத்து உச்சியில. மழை உறையுது. கேப்டன் நீங்க. என்ன சொல்றீங்க?”

“இந்தத் தடவை தரையிலயே போட்டுடறேன்!”

“அதான் சொல்றீங்களா?”

“அதேதான்!”

ஃபரீத் பெருமூச்சு விட்டதில் ஜன்னல் கண்ணாடி மங்கியது.

தரையிலேயே இடது, பிறகு வலது. எல்லாம் சமையலறையில் செய்த மாதிரியே. ஆனால் ஹெலிகாப்டர் எழுந்திருக்கவில்லை. பிடியை மேலே இழுத்தார், அது நிறைமாதப் பசு மாதிரி முக்கியது. ஒருவழியாக எழும்பி, பீப்பாய்கள் புதரில் உரச, ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. எதிரே லார்ச் மரங்கள். ஏற வேண்டும், சக்தி இல்லை.

“ரெண்டே நிமிஷம்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பனித் தடுப்பை அணைத்தார். சக்தி வந்தது. மரங்களைத் தாண்டினார். “பாத்தீங்களா!” என்று திரும்பினார்.

திரும்பிய நேரத்தில் இரண்டு எஞ்சினும் நின்றன.

“இந்தத் தடவை இடது வலதுன்னு பாகுபாடு பாக்கல,” என்றார் ஃபரீத் சோகமாக. “புரோகோர் லுக்கிச், நான் சொல்றதக் கேளுங்க. ஒரு டீயக் குடிங்க. குடிச்சுட்டு நல்லா யோசிங்க.”

“டீ, டீன்னு என் கவனத்தக் கலைக்காதீங்க! இதுல என் வாழ்க்கையே இருக்கு!”

“அதனாலதான் சொல்றேன். கடைசித் தடவை. மேகம், மழை, மேனேஜர், எல்லாம் அதேதான். கேப்டன் நீங்க. என்ன சொல்றீங்க?”

புரோகோர் கண்ணை மூடினார். சரான்ஸ்க் தெரிந்தது. மாமியார் கையில் மண்வெட்டியோடு நின்றாள்.

“போலாம்,” என்றார்.

அன்றைக்கு அவர் பறந்த பறப்பை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. புதரிலிருந்து விடுபட்டதும் வலையின் பொத்தானை அமுக்கினார். ஆறு பீப்பாய்களும் கீழே போயின. அதில் ஒன்று யாருடைய குளியலறைக் கூரையையோ பிளந்துகொண்டு போயிற்று. பாரம் குறைந்ததும் ஹெலிகாப்டர் விசுக்கென்று ஏறி நேராக மேகத்துக்குள் புகுந்தது. அங்கே பனி இரண்டு மடங்கு. மேலே சுழலும் இறக்கைகள் தடதடவென்று ஆட, புரோகோரின் பற்கள் ஒன்றோடொன்று மோதின. கீழே இறங்கினார். நதி தெரிந்தது. அதன் வளைவுகளைப் பிடித்துக்கொண்டு, மேகத்துக்கும் தண்ணீருக்கும் இடையே, ஒரு கண் எஞ்சின் சூட்டில், ஒரு கண் கரையில் வைத்துப் போனார். எஞ்சின் இருமியபோது கெஞ்சினார், திட்டினார், ஒருமுறை சோயாவின் பெயரைக்கூடச் சொன்னார். கடைசியில் திரையில் எண்ணெய்க் கிணற்றில் எப்போதும் எரியும் வாயுத் தீ தெரிந்தது. கோணலாக, ஒரு சக்கரம் முன்னே ஒரு சக்கரம் பின்னே என்று இறக்கிவிட்டார்.

எஞ்சின் அடங்கியது. புரோகோர் அழுதுவிட்டார்.

“இறங்கிட்டேன்! பன்னெண்டு பேரும் உசுரோட!”

“இறங்கிட்டீங்க,” என்றார் ஃபரீத். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. “இத்தனை நல்லா யாரும் இங்க இறக்கினதில்ல. ஆனா நீங்க தேறல.”

“என்னது?”

“தேறலங்க. உக்காருங்க, ஏன்னு சொல்றேன்...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்! பீப்பாய்க்காகத்தானே? ஒரு குளியலறைக் கூரைக்காக என் முப்பது வருஷத்தைத் தூக்கிப் போடறீங்க!”

ஹெட்போனைக் கழற்றி வீசினார். “மூணு தடவை உங்களக் கேட்டேனே, புரோகோர் லுக்கிச்...” என்ற ஃபரீதின் குரலைக் கதவு நசுக்கியது.

நடைவழிக்கு வந்தார். சுவரில் இருந்த மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். இவங்க இருந்திருந்தா எனக்கு நியாயம் கேட்டிருப்பாங்க என்று நினைத்தார். போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

“சோயா, மூட்டையைக் கட்டு.”

“ஜாடியையும் எடுத்துக்கலாமா?” என்றாள் சோயா, மெதுவாக. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மத்தியானம்தான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருட்டாக இருந்தது. வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில் ஜனவரி அப்படித்தான். கேன்டீனில் முட்டைக்கோஸ் வாடை. மூலை மேஜையில் க்ளெப் இரண்டாவது கிளாஸ் டீயோடு உட்கார்ந்திருந்தான். புரோகோர் அவன் எதிரே பொத்தென்று விழுந்தார்.

“போச்சுடா க்ளெப். நம்ம ரெண்டு பேரு கதையும் முடிஞ்சுது.”

க்ளெப் தன் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினான். “குடிங்கண்ணே. உங்க முன்னாடி வெளிய வரவே எனக்கு வெக்கமா இருந்துச்சு. நீங்கல்லாம் எதுக்கும் பின்வாங்காத ஆளுங்க.”

“வெக்கம் என்னடா வெக்கம். நான் இறக்கியே காட்டிட்டேன், அப்பவும் அந்த ஆளு தேறலன்னுட்டான்.” டீயை ஒரே மடக்கில் குடித்தார். தொண்டை சுட்டது. “உண்மையச் சொல்லு, நீ எங்க கோட்டை விட்ட? இடது எஞ்சின் முதல்ல போட்டியா, வலது எஞ்சின் முதல்ல போட்டியா?”

“எஞ்சினா? நான் அதை ஸ்டார்ட்டே பண்ணலயேண்ணே. மழை உறையுதுன்னாரு, ‘அப்ப போக முடியாதுங்க, வாங்க டீ குடிக்கலாம்’னேன், ‘நீ பாஸ்’னு கையப் புடிச்சு அழுதுட்டாரு மனுஷன்.”