சிங்கத்தின் மூக்குவரை ஒரு விரிசல்

இனி ஒரு பழைய காசுகூட வீட்டுக்குள் வராது என்று சூசைராஜ் மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்திருந்தான். மீறினால் அவன் காசு சேர்க்கும் ஆல்பமே மச்சினன் டென்னிஸுக்குப் போய்விடும். இது மனைவி அந்தோணிமேரி போட்ட கண்டிஷன். சத்தியம் ஒரு வாரம் தாங்கியது. அவனைப் பொறுத்தவரை அதுவே சாதனை.

ஒரகடத்தில், தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் பிரஸ் ஷாப்பில் அவனுக்கு வேலை. கம்பெனி அச்சில் விரிசல் விழுந்தால் லைனை நிறுத்தி ஊரைக் கூட்டுவான். அதே விரிசல் பழைய காசில் தெரிந்தால் முத்தம் கொடுப்பான். நேற்று பென்னலூர் காயலான் கடையில் கிடைத்த எட்டணா அவனைக் கவிழ்த்துவிட்டது. ஆல்பத்தில் இருந்த எட்டணாவில், காசடித்த அச்சு வெடித்ததால் விழுந்த கோடு சிங்கத்தின் காதோடு நிற்கும். இதிலோ மூக்குவரை ஓடியது. அதே அச்சு! பாவி மனுஷன் எப்படி விடுவான்?

ஆல்பத்தில் காலி இடம் கிடையாது. மேரி தினமும் புரட்டிப் பார்ப்பாள். அதனால் புதுசை அதில் செருகிவிட்டு, பழசை ஷூவுக்குள் போட்டுக்கொண்டான். கம்பெனி லாக்கரில் பூட்டிவிட்டால் தீர்ந்தது. புதுசையே பூட்டியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். அதைப் பிரிய அவனுக்கு மனசு வரவில்லை.

காலையில் கம்பெனி பஸ் வரும் நேரம். அவன் லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் ஆல்பம் திறக்கும் சத்தம். செல்போன் கம்பெனியில் கீறல் பார்த்துப் பீஸைக் கழிக்கும் வேலை மேரிக்கு.

"ஏங்க, நேத்து இந்தக் கோடு காதோட நின்னுச்சே. இன்னிக்கு மூக்கு வரைக்கும் வந்துகீது?"

சூசைராஜ் ஷூவிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"வெயிலு மேரி. தண்டவாளம் விரியுதில்ல?"

"பீரோவுக்குள்ள இன்னா வெயிலு? எவனோ ஆணியால கீறிட்டான். எங்க லைன்ல இது ரிஜெக்ட்." குப்பைக்கூடைக்கு மேல் காசை நீட்டினாள்.

"ஐயோ, போடாத! அது கீறல் இல்ல!"

"கீறல்தான்."

"கீறல்னா பள்ளமா இருக்கும். தடவிப் பாரு, மேடா கீது. அச்சு வெடிச்சா காசுல மேடாத்தான் வுழும். அடிக்க அடிக்க வெடிப்பு நீளும்!"

"சும்மா கதை வுடாதீங்க. ஆணிதான்."

கீழே ஹாரன் அடித்தது. காசு அவள் விரல் நுனியில் ஆடியது. காசு போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். வாலிப வயசிலிருந்து அச்சோடு மாரடிக்கிறவனிடம் ஆணி என்கிறாளே என்ற ஆத்திரம் மறுபக்கம். ஆத்திரம் ஜெயித்தது. ஷூவைக் கழற்றி உதறினான்.

"ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாரு! அதே காது, அதே வளைவு. இது முன்னாடி அடிச்சது, அது அப்பால அடிச்சது. ஒரே அச்சு!"

மேரி இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நிதானமாகப் பார்த்தாள்.

"ஆமாங்க. நீங்க சொன்னதுதான் கரெக்ட்."

"இப்பவாவது ஒத்துக்கினியே!" சூசைராஜ் நெஞ்சை நிமிர்த்தினான்.

அவள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"டென்னிஸு, வண்டிய ஆஃப் பண்ணிட்டு மேல வா. ரெண்டாவது காசை மாமாவே எடுத்துக் குடுத்துட்டாரு."