ஹவில்தார் கன்னியப்பனின் கல்

சாரம், புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி வெற்றிவேலுக்கு,

அக்கா துர்கா எழுதுவது. பெங்களூரில் நீ, ஆதிலட்சுமி, குழந்தை அபி மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். அப்பாவும் நலம். அதை இரண்டு முறை படித்துக்கொள், ஏனென்றால் அரசாங்கம் அதை மறுக்கிறது.

போன மாதம், பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா இராமதாஸ் மாமாவின் சமாதியில், பிரெஞ்சு அரசாங்கச் செலவில், பெயரும் பதவியும் பிழையில்லாமல் பொறித்த கல்லை நட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்னாள் படைவீரர்களின் அடக்கச் செலவுக்கும் சமாதிக் கல்லுக்கும் நம் அரசாங்கமும் உதவுகிறது என்று யாரோ சொல்ல, தனக்கு இப்போதே கல் வேண்டும் என்றார். காலமான பிறகு வாரிசுகள் கேட்கவேண்டியது அது என்று நான் சொன்னேன். நீ கேட்டாயா? போனிலேயே விண்ணப்பம் போட்டாய். 'இறந்த தேதி' கட்டத்தை நிரப்பாமல் மேலே நகரவில்லை என்று அன்றைய தேதியைத் தட்டிவிட்டாய். இறப்புச் சான்றிதழ் கேட்ட இடத்தில் ஆதார் அட்டையை ஏற்றினாயாம். அலுவலகத்திலும் ஒரு ஆள்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை. வியாழக்கிழமை குட்டி யானை வண்டியில கல்லு வந்து இறங்கிடுச்சு. கொண்டுவந்த கொளஞ்சி என்பவர் வாரிசு கையெழுத்து வேணும்னு நோட்டை நீட்ட, அப்பா நிதானமா கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "வாரிசு எதுக்கு? செத்தவனே போடறேன், குடு"ன்னு வாங்கிப் போட்டுட்டார். கீழ்வீட்டு ஜஹபர் நிஷா அக்கா கல்லைப் பார்த்துட்டுக் கண்ணைத் துடைச்சிக்கிட்டு மேலே வர, கதவைத் திறந்ததே அப்பா. அவங்க படியிலேயே உக்காந்துட்டாங்க. மறுநாள் அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் போனா, அவரோட இலவச மருத்துவ அட்டை வேலை செய்யலை, ஆள் இல்லைன்னு காட்டுதாம். அப்பாவை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கே கூட்டிட்டுப் போனேன். அங்கிருந்த அம்மா அவருக்கு நாற்காலி போட்டு, "இறந்தவருக்கு நீங்க அண்ணனா, பெரியவரே?"ன்னு ரொம்ப மரியாதையா விசாரிச்சாங்க. அப்பா, "இல்லம்மா, இன்னும் கொஞ்சம் நெருங்கின சொந்தம்"ங்கறார்.

விண்ணப்பித்தவரே நேரில் வந்து ரத்துக் கடிதம் கொடுத்து, கல்லையும் திருப்பி ஒப்படைத்தால்தான் அப்பாவுக்கு உயிர் வருமாம். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உன் போனுக்கே அனுப்புகிறேன்; நாளைக் காலை பத்து மணிக்கு நீ இங்கே இருக்க வேண்டும். மீட்டிங், லீவு இல்லை என்ற பேச்செல்லாம் என்னிடம் வேண்டாம்.

ஆதிலட்சுமிக்கு என் அன்பு. அபிக்கு ஆசிகள், நல்ல புத்தி உட்பட.

கோபம் தணியாத அக்கா,
துர்கா

பி.கு.: வர வேண்டாம். இதை எழுதி முடித்துக் கீழே போனேன். அப்பா ஈரத்துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹவில்தாராக ஓய்வு பெற்றும், பென்ஷன் புத்தகம், அட்டை என்று எல்லாவற்றிலும் நாற்பது வருஷமாக அவர் ஒரு படி கீழே, 'நாயக்'தான். எத்தனை மனு போட்டும் எவரும் திருத்தவில்லை. நீ அவர் சொன்னபடியே தட்டியிருக்கிறாய். கல்லில் 'ஹவில்தார் கன்னியப்பன்' என்று ஆழமாக வெட்டியிருக்கிறது. திருப்பிக் கொடுக்கணும்ப்பா என்றேன். "தேதி ஒண்ணுதான தப்பு? அத நான் பாத்துக்கறேன்" என்றார். தேதியைச் சரிசெய்ய அவர் அவசரப்படாமல் இருக்க, பிரஷர் மாத்திரையை நான் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.