காது வளர்ப்பவரும் காலிக் கட்டமும்

என் வீட்டுக்காரர் காது வளர்க்கிறார்.

சிரிக்காதீர்கள். உத்தியோகமே அதுதான். காது இல்லாமல் பிறக்கிற பிள்ளைகளுக்கு வைப்பதற்காக, அவர் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் காது செய்து பார்க்கிறார்கள். கேக் மேல் கிரீம் பிழிகிற மாதிரி, உயிரணு கலந்த கூழை ஒரு இயந்திரம் வரி வரியாகப் பிழியுமாம். காது உருவம் வந்ததும் அதைக் கதகதப்பான பெட்டியில் வைத்து, சத்துநீர் மாற்றி மாற்றி ஊற்றி ஆளாக்குவது இவர் பொறுப்பு.

"இன்னைக்கு ஓரமா கொஞ்சம் வாடியிருந்துச்சும்மா" என்பார். அன்றைக்குச் சோறு இறங்காது.

எங்கள் பாப்பாவுக்கு ஏழு மாதம். இரண்டு காதும் ஒழுங்காக இருக்கின்றன. அதனாலோ என்னவோ, அவர் கவனிப்பு அவளுக்குத் தேவைப்படவில்லை.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு தொடங்கப் போகிறார்கள். ஆறிலிருந்து எட்டு. நான் ஏழாவதோடு நின்றவள். விட்ட படிப்பைப் பிடிக்க இதை விட்டால் வேறு வழி இல்லை. பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. திங்கட்கிழமை வாயைத் திறந்தேன்.

"ஏங்க, சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பாப்பாவைப் பாத்துக்கிறீங்களா? நான் படிக்கப் போறேன்."

"நானா? குழந்தை வளர்க்கிறதுல எனக்கு என்னம்மா தெரியும்?"

"காது வளர்க்கிறீங்களே."

"அது வேற. அதுக்கு ஒரு முறை இருக்கு. நேரத்துக்கு நேரம் பாத்து சூடு, நிறம், சத்துநீர் எல்லாம் தாள்ல கட்டம் கட்டமா எழுதிக் கையெழுத்துப் போடணும். செஞ்சவங்கதான் எழுதணும். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் மொத்தக் காதையும் குப்பையில போட்டுடுவாங்க. காலிக் கட்டத்தைப் பாத்தாலே எனக்குப் பொறுக்காது."

"அப்படிங்களா" என்றேன். எனக்கு எதிர்த்துப் பேச வராது. கோடு போட வரும்.

மறுநாள் மாலை தொட்டிலுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. நேரம், சூடு, பால், துணி, நிலைமை, கையெழுத்து. ஐந்து மணி வரை எல்லாம் நிரப்பிவிட்டேன். ஐந்தரைக்கு வந்தவர் பார்த்துச் சிரித்தார். செல்போனோடு நாற்காலியில் சாய்ந்தார். ஆறு அடித்தது. கண் செல்போனில் நிற்கவில்லை.

"ஆறு மணிக் கட்டம் காலியா இருக்கே."

"அடுப்படியில இருந்தேங்க. பாப்பாவைப் பாக்கல."

"சும்மா ஏதாவது எழுதிடேன்."

"பாக்காம எழுதலாமாங்க?"

நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்படி எழுதிய ஒருவருக்குப் போன வருடம்தான் ஆய்வுக்கூடத்தில் சீட்டைக் கிழித்திருந்தார்கள்.

ஏழு மணிக்குத் தாங்கவில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். கண்ணாடித் தட்டைத் தூக்குவது போல இரண்டு கையாலும் பாப்பாவைத் தூக்கினார். கொஞ்ச நேரம் கழித்துத் தாளைப் பார்த்தேன்.

"சூடு 36.8. நிறம்: இளஞ்சிவப்பு. கசிவு: உண்டு. துணி மாற்றப்பட்டது. அசைவு: மிக அதிகம். மூக்கைப் பிடித்து இழுத்தது."

புதன்கிழமை ஆறு மணிப் பாலை நான் கொடுத்தேன். கட்டத்தில் "ஏதோ குடித்தாள்" என்று எழுதினேன்.

"ஏதோன்னா எத்தனை மில்லி?"

"யாருங்க அளந்தா?"

தலையில் கை வைத்துக்கொண்டார். பாப்பா அவர் மடியில் உட்கார்ந்து அவர் சுண்டுவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். "உங்கம்மாவுக்கு ஒரு ஒழுங்கும் இல்லடா தங்கம்" என்று அவளிடம் முறையிட்டார். அவளும் ஆமாம் என்பது போல எச்சில் ஒழுக்கினாள். அதையும் குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை புதுப் பேனாவோடும் ஒரு முடிவோடும் வந்தார்.

"இந்தா பாரும்மா. ரெண்டு பேர் கை பட்டா பதிவு கெட்டுடும். இனிமே தினமும் ஆறுலேருந்து எட்டு வரைக்கும் பாப்பா என் பொறுப்பு. நீ இந்த அறைப் பக்கமே வரக்கூடாது."

"அவ்வளவு நேரம் நான் என்னங்க பண்றது?"

"ஏதோ படிக்கணும்னு சொன்னியே. போய்ப் படி. என்னைத் தொந்தரவு பண்ணாம இருந்தா சரி."

முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரிங்க" என்றேன்.

அந்தத் தாளை ஒட்டுவதற்கு முன்பே நான் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.