பின்கோடு கொண்டுபோன மெழுகு இதயம்

கடவுளுக்குச் சரியாக விலாசம் எழுதத் தெரிந்த மனிதர் பம்பாயில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஆபீசில் டிஸ்பாட்ச் பிரிவில் இருந்தார். பிஷப்புகளும் மடாதிபதிகளும் சேர்ந்து கோபித்துக்கொண்டாலும் இந்த விஷயத்தில் நான் பின்வாங்குவதாக இல்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. விக்ரோலியில் இருந்த எங்கள் கூரியர் கம்பெனியில் பியூன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் பின்கோடு. பின்கோடு எழுதாத பார்சலை அவர் கையால் தொடமாட்டார். மேனேஜர் தன் மாமியாருக்கு அனுப்பிய தீபாவளி ஸ்வீட் பெட்டியே ஒருமுறை மேனேஜரின் மேஜைக்கே திரும்பி வந்துவிட்டது. மேனேஜர் ஹிந்தியில் எகிறினார். மாமியார் வீடு எங்கே என்று உங்களுக்குத் தெரியும் சாகேப், பெட்டிக்குத் தெரியுமா என்று பின்கோடும் ஹிந்தியிலேயே கேட்டார். மேனேஜர் நம்பர் கேட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

பின்கோடுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம், வீடு தாராவி. நான் மாட்டுங்கா. சாயங்காலம் இருவரும் ஒரே லோக்கல் ரயிலில் திரும்புவோம். சயானில் அவர் இறங்கினால் அடுத்த ஸ்டேஷனில் நான். தொழிலை ஆபீசிலேயே விட்டுவிட்டு வருகிற ஆள் அவர் இல்லை. கிறிஸ்தவர்கள் யாரை நோக்கி ஜெபிக்க வேண்டும் என்பதை, குர்லா கூட்டத்தில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டே எனக்கு விளக்கினார்.

"டு அட்ரஸ் பிதா. த்ரூ குமாரன். கொண்டுபோறது பரிசுத்த ஆவி. மூணு பேருக்கும் தனித்தனி வேலை இருக்குல்லா சார். நம்ம ஆளுவ மூணையும் ஒரே கவர்ல எழுதிப் போடுதானுவ. அப்புறம் பதில் வரலன்னு அழுதானுவ."

என் கதையைக் கேட்டதும் அவருக்குப் பெரும் பரிதாபம் வந்துவிட்டது. ஒரே வேண்டுதலை நான் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் குருவாயூரப்பனுக்கும் சேர்த்தே அனுப்புகிறவன். அதற்குப் பெயர் பல்க் மெயில் என்றார். பல்க் மெயிலுக்குக் கன்செஷன் உண்டே என்றேன். அன்று சயானில் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

தாராவியில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டியபோது ஒரு ஜெபக்கூட்டம் வைத்தார். பிரியாணி உண்டு, வாருங்கள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார் பின்கோடு. (எனக்குத் தனியாகத் தயிர்சாதம்.) பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகி ஜெபித்தார். இயேசுவே என்று ஆரம்பித்தார், பிதாவே என்று தொடர்ந்தார், ஆவியானவரே என்று ஒரு சுற்றுப் போய்வந்தார். உணர்ச்சி உச்சத்துக்கு ஏறியபோது, "பிதாவே, நீர் எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே" என்று சொல்லிவிட்டார். என் பக்கத்தில் ஓர் இருமல் கேட்டது.

"பாஸ்டர், மரிச்சது மகன்லா" என்றார் பின்கோடு. "தகப்பனை எதுக்குக் கொல்லுதிய?"

கூட்டம் மொத்தமும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. பாஸ்டர் நல்ல மனிதர். தப்பை ஒத்துக்கொண்டு முதலிலிருந்து ஜெபித்தார். அதற்குள் பிரியாணி ஆறிவிட்டது. அதன் பிறகு அந்தச் சந்தில் யார் ஜெபக்கூட்டம் வைத்தாலும் பின்கோடின் பங்குப் பிரியாணியை முன்கூட்டியே அவர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிற நல்ல வழக்கம் ஏற்பட்டது.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மனைவி ஸ்டெல்லா அக்கா. தூத்துக்குடி கத்தோலிக்கக் குடும்பம். புதன்கிழமை என்றால் மாஹிம் மாதா கோயிலில் நவநாள் ஜெபம், அதை எதற்காகவும் தவறவிடமாட்டார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கால்வலி என்றால் மெழுகில் செய்த கால், சொந்தவீடு வேண்டுமென்றால் மெழுகு வீடு என்று வாசல் கடையில் வாங்கி மாதா முன்னால் வைப்பார்கள். பின்கோடோ மாதாவிடம் வேண்டாத சபைக்காரர். கூடவே போவார், ஆனால் வாசலைத் தாண்டமாட்டார். அக்காவின் பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு ரோட்டில் நிற்பார். பிதாவிடம் நேராகப் போகிற வண்டி இருக்கும்போது தாதரில் இறங்கி எதற்கு மாற வேண்டும் என்பது அவர் கட்சி. நேராகப் போகிற வண்டியில் உங்களுக்கு என்றைக்காவது உட்கார இடம் கிடைத்திருக்கிறதா என்பது அக்கா கட்சி. கல்யாணமான நாளிலிருந்து இந்த வழக்கு நடந்தது, தீர்ப்பு வரவில்லை.

நாங்கள் ரிடையர் ஆவதற்கு முந்தைய வருஷம் அக்காவுக்கு இதயத்தில் வால்வு பழுதாகிவிட்டது. வியாழக்கிழமை ஆப்பரேஷன் என்று முடிவாயிற்று. நான் ஆஸ்பத்திரிக்குப் போனது அதற்கு முந்தைய நாள். டாக்டர் பின்கோடை வராந்தாவுக்கு அழைத்து, பிழைப்பதும் பிழைக்காததும் சரிபாதி என்று சொல்லியிருந்தார். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

"இன்னைக்குப் புதன்லா" என்றார் அக்கா. "எனக்குப் பதிலா நீங்க போயிட்டு வாரியளா? மெழுகுல ஒரு இதயம் வாங்கி வச்சிட்டு வந்தாப் போதும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். மனிதர் இந்த நேரத்திலும் த்ரூ, டு என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் சரி என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். டாக்சியில் ஏறியதும் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"வாசலைத் தாண்டுவேளா?" என்று கேட்டேன்.

"ஜெபம் அவளோடது சார். அட்ரஸும் அவ எழுதுனது. தப்பான அட்ரஸ்னு எனக்குத் தோணலாம். அதுக்காவ கொண்டுபோறவன் அட்ரஸை மாத்தலாமா? நான் வெறும் டெலிவரி."

மாஹிமில் கடைக்காரம்மா எடுத்துக் கொடுத்த இதயங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஓரம் நசுங்கியது, கீறல் விழுந்தது எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் லேபிள் ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டினார். அனுப்புநர் ஸ்டெல்லா, தாராவி. பெறுநர் மாதா, மாஹிம். இரண்டுக்கும் பின்கோடு. கீழே சிவப்பு மையில், 'உடையக்கூடியது. கொண்டுவந்தவர் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பல்ல' என்று எழுதினார். இவருக்குத் தலையில் கோளாறு ஒன்றும் இல்லையே என்று கடைக்காரம்மா என்னிடம் மராத்தியில் விசாரித்தார்.

வாசலைத் தாண்டினார். வரிசையில் நின்று, முறை வந்ததும் இதயத்தை லேபிள் மேலே தெரிகிறமாதிரி வைத்தார். டெலிவரி அதோடு முடிந்தது, திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. கை கூப்பவும் இல்லை. மேலதிகாரி முன்னால் நிற்கிறமாதிரி இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"ஸ்டெல்லா குடுத்துவிட்டா" என்றார். "நாளைக்கு அவளுக்கு ஆப்பரேஷன். அவளை எனக்குத் திருப்பி அனுப்பிருங்கம்மா."

குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. பின்னால் நின்ற கூட்டம் தள்ளவில்லை. பம்பாயில் ஒரு வரிசை தள்ளாமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அவரைக் கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்று, உள்ளே கடைசியாகச் சொன்னது யாருடைய ஜெபம் என்று கேட்டேன். கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"அது ஜெபம் இல்ல சார். டெலிவரி இன்ஸ்ட்ரக்ஷன்."

அக்கா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். மாதாதான் காப்பாற்றினார் என்று அக்கா சொல்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தான் நேராக ஹெட் ஆபீசுக்கே எக்ஸ்பிரஸில் போட்டதாகப் பின்கோடு சொல்கிறார். பழைய வழக்கு இன்னும் நடக்கிறது. புதன்கிழமைகளில் அதே பை, அதே குடை. ஒரே ஒரு மாற்றம், இப்போது வாசலுக்கு உள்ளே நிற்கிறார். கேட்டால் வெளியே வெயில் என்கிறார், மழைக்காலத்திலும்.

இப்போதெல்லாம் என் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், பின்கோடுக்கு ஒரு போன். பேர் என்ன, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொள்வார். நீங்கள் உங்கள் பல்க் மெயிலை அனுப்புங்கள் என்று குத்தலாக ஒரு வார்த்தையும் உண்டு. எது எங்கே போய்ச் சேர்கிறது என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, "அனுப்பிட்டேன் சார்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.