தேறின சில்லு

எனக்குக் கோபம் வந்தால் வாய் மட்டும்தான் வேலை செய்யும். கை அந்த இடத்திலேயே நின்றுவிடும். சோறு பிசைந்துகொண்டிருந்தால் கை கோப்பையிலேயே கிடக்கும். பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு தெருவில் இறங்கிச் சண்டை பிடித்திருக்கிறேன். இதனால் எனக்கு வந்த சேதங்களை எழுத ஒரு கொப்பி காணாது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அதில் கடைசியாக வென்றது நான்தான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்தப் பகுதியை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள்.

அப்போது நான் திருகோணமலை ஜெட்டியடியில் ஹயர் கார் ஓடிக்கொண்டிருந்தேன். மூதூர் லோஞ்சு, அதாவது மோட்டார்ப் படகு, வந்து கட்டினால் கட்டைபறிச்சான், தோப்பூர் ஆட்கள் இறங்குவார்கள். ஆஸ்பத்திரிக்கு, அரசாங்கக் கச்சேரிக்கு, கோயிலுக்கு என்று ஏற்றிப் போவோம். ஜெட்டியடியில் மூன்று கார்களுக்குத்தான் இடம். மூன்றும் மொறிஸ் மைனர். ஒன்று என்னுடையது. இன்னொன்று கனகண்ணையுடையது. அவர் ஒரு நட்டைக் கழற்றுவதற்குள் லோஞ்சு மூதூர் போய்த் திரும்பிவிடும், அவ்வளவு நிதானமான மனிதர். மூன்றாவது கிண்ணியா லத்தீப்புடையது. லத்தீப்புக்கு டயர் ஒட்டும் கடையும் இருந்தது.

அது எல்லாவற்றுக்கும் கியூவில் நின்ற காலம். பாண் ரொட்டிக்குக் கியூ, துணிக்குக் கியூ. டயருக்குக் கியூகூட இல்லை, பெர்மிட் வேண்டும். டயர் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க, கார் வருடச் சோதனையில் தேறியது என்ற துண்டுச்சீட்டு வேண்டும். சோதனையில் தேற நல்ல டயர் வேண்டும். நல்ல டயருக்குப் பெர்மிட் வேண்டும். இதை எழுதியவனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டயரை எப்படிக் காப்பாற்றுவது என்பதை அந்தக் காலத்தில் ஓடிய எங்களிடம்தான் கேட்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு காற்றுப் பார்ப்பேன். மாதத்துக்கு ஒருமுறை முன்சில்லைப் பின்னுக்கும் பின்சில்லை முன்னுக்கும் மாற்றுவேன். நிலாவெளி ரோட்டில் மத்தியான வெயிலில் தார் உருகும்போது சைக்கிள்காரன் என்னை முந்திப் போவான், நான் பேசாமல் விடுவேன். டயருக்குள் ஓட்டை விழுந்தால் பழைய டயர்த் துண்டை உள்ளே வைத்துத் தைத்து ஓடினேன். என் டியூபில் ஒட்டுப் போடாத இடத்தைத்தான் தேட வேண்டும்.

ஒன்று மட்டும் செய்ய மாட்டேன். தேய்ந்து மொட்டையான டயரில் சூடாக்கிய கத்தியால் புதுக் கோடு வெட்டிப் புது டயர்போலக் காட்டுவார்கள். லத்தீப் அதில் கெட்டிக்காரன். அவன் இடதுகைக்காரன், ஆகையால் அவன் வெட்டும் கோடுகள் எல்லாம் இடப்பக்கம் சரிந்திருக்கும். காற்றடிக்கும் வால்வுக்கு நேராக ஒரு கோட்டை எப்போதும் தவற விடுவான். "அந்த இடத்தில கை வளையாது மச்சான்" என்பான். நான் அவனை என் காருக்குக் கிட்ட விடவில்லை. இருக்கிற கொஞ்ச ரப்பரையும் வெட்டினால் டயர் என்னத்துக்கு? மொட்டை டயர் உண்மை பேசும், வெட்டின டயர் பொய் சொல்லும் என்று ஜெட்டியடியில் நின்று பிரசங்கம் செய்வேன். (நான் செய்துகொண்டிருந்தது எந்த வகை உண்மை என்று கேட்க அன்று ஒருவரும் இருக்கவில்லை.)

நாங்கள் செய்துகொண்டிருந்தது இது. ஊரில் ஒரு டொக்டரின் மொறிஸ் மைனர்மேல் மாமரம் முறிந்து விழுந்து கார் தட்டையாகிவிட்டது. சில்லு நாலும் தப்பிவிட்டன, நாலிலும் புத்தம்புது டயர். செய்தி கேட்டு நாங்கள் மூன்று பேரும் ஓடிப்போய் அந்த நாலு சில்லையும் பங்குக்கு வாங்கினோம். (டொக்டருக்கு என்ன நடந்தது என்று கேட்க மறந்துவிட்டோம். அவர் காருக்குள் இருக்கவில்லை.) அதில் ஒருநாளும் ஹயர் ஓடுவதில்லை. யாருக்குச் சோதனை வருகிறதோ அவர் போட்டுக்கொண்டு போய்த் தேறி, அன்றைக்கே கழற்றித் தந்துவிட வேண்டும். (தேறின துண்டோடு பெர்மிட் கேட்டால், டயர் நல்லது எண்டுதானே தேறினது, பிறகென்ன புது டயர் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.) மற்ற நாளெல்லாம் நாலும் என் கட்டிலுக்குக் கீழே.

"பிள்ளையளைக்கூட நீங்கள் இப்பிடிக் கழுவித் துடைக்கேல்லை" என்று என் மனைவி திரேசா சொல்லுவாள்.

"பிள்ளையள் பெர்மிட் இல்லாமல் கிடைக்கும்" என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

மூன்று பேருக்கும் வெவ்வேறு மாதங்களில் சோதனை வந்ததால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்போதுதான் புது எக்ஸாமினர் ஒருவர் மாற்றலாகி வந்தார். வந்து இரண்டாவது கிழமையே, ஜெட்டிக் கார்கள் மூன்றும் ஒரே நாளில் வர வேண்டும் என்று அறிவித்தல் அனுப்பினார். தேறாத கார் ஜெட்டியடியில் நிற்கக் கூடாது, இடம் அடுத்தவருக்குப் போகும் என்றும் அதில் இருந்தது. அந்த இடத்துக்காக ஏழு பேர் காத்திருந்தார்கள். எனக்கு மூன்று பிள்ளைகள், கார் ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

மூன்று கார், பன்னிரண்டு சில்லு, அதில் நல்லது நாலு.

"நான் ஒரு வழி சொல்லுறன்" என்று பொனெட்டில் அடித்துச் சொன்னேன். (அந்தத் திட்டம் என்னுடையது. இதை நான் மறைக்கவில்லை.) சோதனை கோட்டைக்கு முன்னால் இருக்கிற மைதானத்தில். மைதானத்தின் ஓரத்தில் ஒரு பழைய கிட்டங்கி இருந்தது. கனகண்ணை முதலில் போய்த் தேறி வந்ததும் கிட்டங்கிக்குப் பின்னால் சில்லைக் கழற்றி லத்தீப்புக்குப் பூட்டுவோம். லத்தீப் வந்ததும் எனக்கு. நடுவில் லொறிகளும் பஸ்களும் போகும், நேரம் கிடைக்கும்.

"பிடிபட்டால்?" என்றார் கனகண்ணை.

"மூளை உள்ளவன் பிடிபட மாட்டான்" என்றேன்.

அன்றைக்கு எக்ஸாமினர் ஆலமரத்துக்குக் கீழே மேசை போட்டு இருந்தார். அவருடைய சொந்தக் காரும், அதுவும் மொறிஸ் மைனர்தான், பக்கத்தில் நிழலில் நின்றது. கோட்டை மான்கள் ஏழெட்டு அங்கங்கே படுத்திருந்தன. கனகண்ணை போனார், தேறினார், வந்தார். வந்தவர் முகம் சரியில்லை.

"சவரி, அந்தாள் டயரில சோக்கால கீறுறான்."

பார்த்தேன். ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் மஞ்சள் சோக்கால் ஒரு சுழி, அதற்குப் பக்கத்தில் ஒன்று என்ற இலக்கம். முதலாவது கார் என்று அர்த்தம்.

"மண்ணெண்ணெயில துடைச்சால் போகும். இதுக்கு ஏன் அழுறியள்?" என்றேன்.

துடைத்தோம், போனது. லத்தீப் போனான். அவனை எக்ஸாமினர் லேசில் விடவில்லை. லைற்றைப் போடு, ஹோர்னை அடி, டிக்கியைத் திற என்று வறுத்து எடுத்தார். அவன் திரும்பி வந்தபோது எனக்கு முன்னால் ஒரேயொரு லொறிதான் மிச்சம்.

எங்களிடம் இருந்தது இரண்டு ஜாக், ஒரு ஸ்பானர். அவசரத்தில் நாலு சில்லையும் மண்ணில் போட்டு மூன்றைத் துடைத்தோம். நாலாவது கவிழ்ந்து கிடந்தது. அது கண்ணில் படவில்லை. பூட்டும் அவசரத்திலும் அதைக் கவனிக்கவில்லை. (இது பிறகுதான் தெரிந்தது.) வலது பக்கம் இரண்டும் முடிந்தது. இடது பின்சில்லும் முடிந்தது. இடது முன்சில்லுக்கு நட்டுகளைக் கையால் ஏற்றி, இறுக்குவதற்கு ஸ்பானரை எடுத்தேன். அப்போது கனகண்ணை நிதானமாகக் கேட்டார்:

"சவரி, நானும் லத்தீப்பும் தேறியிட்டம். உன்ர கார் தவறினால் இந்தச் சில்லு ஆரின்ர வீட்டில இருக்கும்?"

எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு எழும்பினேன். இந்தத் திட்டத்தைப் போட்டவன் ஆர், இந்தச் சில்லை வருடக்கணக்காகக் கட்டிலுக்குக் கீழே வைத்துத் துடைத்தவன் ஆர், இதுக்காகத் தேத்தண்ணி இல்லாமல் கிடந்தவன் ஆர் என்று கேட்டேன். கிட்டங்கிச் சுவரில் இருந்த காகங்கள் எழும்பிப் போயின. நான் கேட்டு முடிக்குமுன் மைதானத்தில் இருந்து என் நம்பரைக் கூப்பிட்டார்கள். கனகண்ணையைப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டே காரில் ஏறினேன்.

கார் கொஞ்சம் ஆடியது. மைதானத்துக் குழி என்று நினைத்தேன். எக்ஸாமினர் கையைக் காட்டினார். என் பிரேக் நல்ல பிரேக். அதைக் காட்ட வேண்டும் என்று ஓங்கி மிதித்தேன்.

கார் நின்றது. சில்லு நிற்கவில்லை.

இடது முன்சில்லு தன்பாட்டில் கழன்று முன்னால் போனது. என் கார் ஒரு பக்கம் முழங்கால் குத்தி மண்ணை உழுதது. சில்லு இரண்டு மான்களுக்கு நடுவால் போனது. ஒரு மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தது. மேசைக்கு முன்னால் போய், ஒரு வட்டம் அடித்து, தட்டுப்போலச் சுழன்று சுழன்று, எக்ஸாமினரின் சப்பாத்துக்கு முன்னால் விழுந்தது. மஞ்சள் சுழியும் இரண்டு என்ற இலக்கமும் மேலே பார்த்தபடி.

அவர் குனிந்து வாசித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதென்ன காணும்?"

"சில்லு ஐயா."

"அது தெரியுது. இதில என்ர சோக்கு எப்பிடி வந்தது?"

எனக்கு வாய் ஓடியது, ஓடாமலே இருந்திருக்கலாம்.

"அது முந்தியே நீங்கள் பாத்த சில்லு ஐயா. தேறின சில்லு."

லொறிக்காரர் ஒருவர் சிரித்தார். பிறகு பஸ்காரர்கள். அவர்களுக்குக் காலையில் இருந்தே எல்லாம் தெரியுமாம், எந்தக் காரில் பிடிபடும் என்று பந்தயம்கூடப் பிடித்திருந்தார்களாம். எக்ஸாமினருக்கு முகம் கறுத்தது. மூன்று காரின் பேப்பரையும் எடுத்தார்.

"மூண்டும் தவறினது. நாளைக்கு ஒருத்தரும் ஜெட்டியடியில நிக்கேலாது."

கனகண்ணை அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திரும்பக் கோபம் வந்தது. இந்தத் தடவை சரியான ஆளின்மேல் வந்தது.

"ஐயா, டயர் இல்லாட்டித் தேறேலாது. தேறாட்டி பெர்மிட் இல்லை. பெர்மிட் இல்லாட்டி டயர் இல்லை. நாங்கள் என்ன, சில்லைக் களிமண்ணிலயா செய்யிறது? இந்த ஊரில ஆரிட்டயாவது நல்ல டயர் இருக்கோ? உங்களிட்ட இருக்கோ?"

"என்ர டயரைப் பற்றி நீர் கதைக்கத் தேவையில்லை" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேன். நேரே அவருடைய காருக்குப் போய்க் குனிந்தேன். முன்டயரில் அழகான புதுக் கோடுகள். எல்லாம் இடப்பக்கம் சரிந்திருந்தன. வால்வுக்கு நேராக ஒரு கோடு இல்லை.

"லத்தீப்! இஞ்ச வா!"

லத்தீப் வந்தான், குனிந்தான், விரலால் தடவினான். அவனுக்கு வேர்த்தது.

"மச்சான்" என்றான் மெல்ல, "இது நான் வெட்டினது. போன கிழமை ஒரு பியோன் கொண்டு வந்தவன். ஆரின்ர எண்டு சொல்லேல்லை."

அவன் மெல்லத்தான் சொன்னான். நான் மெல்லச் சொல்லவில்லை. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். பிறகு மேசைக்குப் போனேன்.

"ஐயா, அந்தச் சோக்கை ஒருக்காத் தாங்கோ."

அவர் தரவில்லை. நானே எடுத்தேன். எக்ஸாமினரின் டயரில், மைதானம் முழுக்கப் பார்க்க, தவறினது என்று மஞ்சளில் ஒரு பெரிய புள்ளடி போட்டேன். லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். மான்கள் அப்போதுதான் எழும்பி ஓடின.

எக்ஸாமினர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் பெர்மிட் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கதிரையில் உட்கார்ந்து பேனையைத் திறந்தார்.

"நான் என்னெண்டு எழுதவேணும்?"

"தேறினது எண்டு எழுதச் சொல்லேல்லை. டயரைத் தவிர எல்லாம் சரி, டயர் குடுக்கவேணும் எண்டு எழுதுங்கோ. அதுதானே உண்மை."

மூன்று பேருக்கும் அப்படியே எழுதினார். டயர் வரும்வரை ஊருக்குள் மட்டும் மெல்ல ஓடலாம், ஜெட்டியடி இடம் எங்களுக்கே என்றும் எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்த ஊரில் அப்படி ஒரு துண்டு வாங்கிய முதல் ஆட்கள் நாங்கள்தான்.

ஒன்றை மட்டும் அவர் மன்னிக்கவில்லை.

"சவரிமுத்து, ஸ்பானரைக் கொண்டு வாரும். நாலு சில்லு, பதினாறு நட். என்ர கண்ணுக்கு முன்னால இறுக்கும்."

இறுக்கினேன். லொறிக்காரர்களும் பஸ்காரர்களும் சுற்றி நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல ஒண்டு, ரெண்டு என்று எண்ணினார்கள். ஒன்பதாவதில் ஒருவன் சிரித்தான் என்று நான் எழும்பிக் கத்தத் தொடங்கினேன். ஸ்பானர் என் கையில் இருந்து விழுந்தது. லத்தீப் அதை எடுத்துத் திரும்ப என் கையில் வைத்தான்.

"மச்சான், முதல்ல நட்டை இறுக்கு. பிறகு கத்து."

மூன்று மாதத்தில் பெர்மிட் வந்தது. ஆளுக்கு இரண்டு புது டயர். பெட்டிக்கடைக்காரன்கூட வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான். கொழும்பில் இருந்து எக்ஸாமினருக்கு மேலான பெரியவர் ஒருவர் வருகிறார் என்ற செய்தி வந்த கிழமை, எக்ஸாமினரின் அதே பியோன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஐயா கேக்கச் சொன்னவர். அந்த நாலு சில்லும் வியாழக்கிழமைக்கு மட்டும்..."

குடுத்தேன். துடைத்துத்தான் குடுத்தேன். வெள்ளிக்கிழமை நாலும் திரும்பி வந்தன. ஒரு சில்லில் மட்டும் மஞ்சள் சோக்கால் ஒரு சுழி போட்டிருந்தது. அதை நான் துடைக்கவில்லை.

இப்போது கார் இல்லை. கோபம் இருக்கிறது. ஆனால் என் வீட்டில் மனிதன் நிம்மதியாகக் கோபப்பட ஏலாது. லத்தீப் சோதனை நடந்த அன்று பின்னேரமே திரேசாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். போன மாதம் மகளின் கலியாணத்தில், சமையல்காரன் புரியாணிக்கு உப்புப் போடவில்லை என்று தெரிந்து கையில் அகப்பையோடு எழும்பினேன். வாயை இன்னும் திறக்கவில்லை. சபையில் நூறு பேர். மணவறையில் இருந்து, கலியாணமாகி அரை மணித்தியாலம்கூட ஆகாத புது மருமகன் திரும்பிப் பார்த்தான்.

"மாமா," என்றான், "நட் இறுக்கியாச்சோ?"