மச்சான் வலையில் என் ஆரஞ்சுக் கயிறு

செல்போனில் வீடியோ பார்த்து மெக்கானிக் ஆனவன் கையில் கத்தியைக் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த மெக்கானிக் நான்தான்.

அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். எனக்கு ஆவடியில் வேலை, மாமியார் வீடு பழவேற்காடு கோட்டைக்குப்பத்தில். நடுவே நான் ஆசை ஆசையாய் வாங்கிய ஒரு பழைய டீசல் ஜீப். சேறு, மணல் எல்லாவற்றிலும் இறங்கும் என்றார் விற்றவர். (ஏறி வரும் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.) வண்டி சிக்கினால் இழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒரு தடித்த கயிறும் வாங்கி, உறையைக்கூடப் பிரிக்காமல் பின்பக்கம் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஜீப்பில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்த அன்று என் மனைவியின் அண்ணன் தேசப்பனுக்குப் பாடு. ஏரியில் இறால் அதிகம் விழும் இடங்களில் ஆளுக்கு ஒருநாள் என்று முறை வைத்து வலை கட்டுவார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். பொழுது சாய்வதற்குள் கழி ஊன்றி வலையைக் கட்டிவிட வேண்டும். தவறினால் மறுபடி முறை வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

மச்சானின் கூட்டாளி கழிகளோடு படகில் கிளம்பினார். வலையும் அதிலேயே போயிருக்க வேண்டியது. நான் விட்டால்தானே!

"உங்களுக்கு எதுக்கு மாப்ள சிரமம்?" என்றார் மச்சான்.

"படகு ஏரிய சுத்திக்கினு போவும். என் ஜீப்புல சேத்து வழியா பத்தே நிமிஷம் மச்சான்!"

புது மாப்பிள்ளை பேச்சைத் தட்ட முடியுமா? வலையை ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

ஐந்தாவது நிமிஷம், ஆள் அரவமற்ற சேற்றுத் தரையில், 'பட்'டென்று ஒரு சத்தம். முன்னால் ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. பானெட்டைத் திறந்தால் ஃபேன் பெல்ட் இரண்டாகக் கிடக்கிறது. பயந்திருக்க வேண்டும், இல்லையா? எனக்கோ ஒரே கொண்டாட்டம்! கயிற்றை வைத்தே பெல்ட் கட்டும் வீடியோவை ஏழு தடவை பார்த்தவன் ஐயா நான்!

"ரேடியேட்டருக்கு நல்ல தண்ணி வேணும் மச்சான். ஏரித் தண்ணி உப்பு, ஆவாது."

"பொழுது இறங்குது மாப்ள, சட்டுனு பண்ணுங்க" என்று கேனைத் தூக்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடினார்.

நான் கயிறு தேடினேன். ஆரஞ்சுக் கயிறு கண்ணில் பட்டது. சீச்சீ, புத்தம் புதுசைப் போய் வெட்டுவதா? பக்கத்தில் வலைக் குவியலின் ஓரத்தில் நீல நைலான் கயிறுகள் நாலைந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. வெட்டினேன். முதலாவது நீளம் போதவில்லை. இரண்டாவது முடிச்சு அவிழ்ந்தது. மூன்றாவது புகைந்தது. நாலாவது… ஓடியது! சேற்றிலேயே குதித்தேன்.

தண்ணீரோடு வந்த மச்சான் அசந்துபோனார். "மெக்கானிக்கே உங்ககிட்ட தோத்தான் போங்க மாப்ள!"

ரேடியேட்டரை நிரப்பி, டக் டக் என்று முடிச்சு தட்டத் தட்ட வண்டியை ஓட்டிக் கரையைத் தொட்டபோது சூரியன் ஒரு பனை உயரத்தில் இருந்தது. ஜெயித்தாயிற்று! கூட்டாளி கழிகளை ஊன்றி முடித்துக் காத்திருந்தார். மச்சான் வலையை இறக்கி ஓரத்தைத் தேடினார். புரட்டினார். மறுபடி புரட்டினார்.

பிறகு என்னைப் பார்த்தார். நான் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்தேன். உள்ளே நீலக் கயிறு ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னா மாப்ள… வலைய கழியில கட்ற கயித்தயா அறுத்த?"

மூன்று மாதமாக என்னை 'நீங்க' என்றவர் அந்த நிமிஷம் 'நீ'க்கு வந்தார்.

"சும்மாதான் தொங்கிச்சு மச்சான்…"

"அத்த வுட்டா வலை எத்தப் புட்சிக்கினு நிக்கும்?" அப்போதுதான் உறை பிரிக்காத அந்த ஆரஞ்சுக் கயிறு அவர் கண்ணில் பட்டது. "அப்போ இது இன்னா?"

"அது… புதுசு மச்சான்."

கூட்டாளி சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. மச்சான் சிரிக்கவில்லை. ஜீப்பில் கிடந்த அதே கத்தியை எடுத்து, என் ஆரஞ்சுக் கயிற்றைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் சூரியன் சரியச் சரிய வயிற்றெரிச்சல் போன இடம் தெரியவில்லை. கரையில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, "சீக்கிரம் மச்சான், இன்னும் ஒண்ணுதான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கடைசி முடிச்சு விழுந்ததும் சூரியன் மறைந்தது.

மறுநாள் காலையில் கூடை கூடையாக இறால் வந்தது. மாமியார் தொக்கு வைத்து எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகத்தான் என் தட்டுக்கு வந்தார்.

ஜீப்பை விற்று வருஷங்களாகின்றன. ஆரஞ்சுத் துண்டுகள் இன்றும் அந்த வலையில்தான் இருக்கின்றன. வீட்டில் நான் கத்திரிக்கோலை எடுத்தாலே, "இன்னா, யாரு கயிறு?" என்று சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வரும். மச்சான் 'நீங்க'வுக்குத் திரும்பவேயில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் முதல்நாளே மறக்காமல் போன் செய்துவிடுவார்.

"மாப்ள, நாளைக்கு நம்ம பாடு. நீ ஆவடியிலயே இரு."