சாகலைங்க, மூணாவது வந்திருக்காரு

என்னை அதிகம் வெட்கப்பட வைத்தவர்கள் என்று யாராவது பட்டியல் போட்டால், முதல் பத்து இடமும் ரேங்க் அண்ணனுக்குத்தான். ஓசூர் சிப்காட்டில் ஒரு கியர் கம்பெனியில் ஃபிட்டர், எனக்கு ரூம்மேட். கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால் வெளிநாட்டு ராக் கிடார்காரர் ஒருவருக்கு எந்த இசைப் பத்திரிகை எத்தனாவது இடம் கொடுத்தது என்பது மட்டும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒரு வருஷம் அந்த மனிதர் ஏழிலிருந்து பதினொன்றுக்கு இறங்கிவிட்டார். கேன்டீனில் அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டுக் கண்கலங்கினார்.

"ஏனாயித்து? என்னாச்சு?" என்று எதிரே இருந்த கன்னடக்காரர் பதறிப்போனார்.

"பதினொண்ணுல போட்டுட்டானுங்க. அவனுங்க உருப்படுவானுங்களா?"

ஏதோ ஆஸ்பத்திரி சமாசாரம் என்று நினைத்து அவர் எனக்கும் சேர்த்து ஆறுதல் சொன்னார். நான் சாம்பார் வாளிக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். பேரிகை கிராமத்தில் எனக்குப் பெண் பார்த்து, அவர்கள் குருபரப்பள்ளிக்கு எங்கள் வீடு பார்க்க வருகிற அன்றைக்குக் காலையில் அண்ணன் போன் செய்தார். "மூணாவது எடம் குடுத்துட்டாங்க தம்பி. உங்க ஊரு ஹைவே ஓரத்துல பேனர் வெச்சிட்டேன்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கண்ணை மூடி வாசிக்கும் கிடார்காரர், கறுப்பு வெள்ளையில், ஆள் உயரத்துக்கு. ஆசையாக ஒரு மாலை வேறு. கீழே, கம்பெனி ஐடி கார்டு படத்தில், முழித்தபடி நான். கழற்ற ஏணி தேடுவதற்குள் பெண்வீட்டு வேன் என்னைக் கடந்து போய்விட்டது.

வீட்டுக்கு ஓடினேன். பெண்ணின் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். "சாவு விழுந்த வீட்டுல எப்படிங்க நல்ல காரியம் பேசறது? இன்னொரு நாளு பாக்கலாம்" என்று திரும்பினார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அப்போது பார்த்து அண்ணன் ஸ்வீட் பாக்ஸோடு வந்து சேர்ந்தார்.

"சாகலைங்க. மூணாவது வந்திருக்காரு."

"எந்த எலெக்‌ஷன்ல?"

அண்ணன் பத்திரிகை வாரியாக விளக்கினார். பெண்ணின் அப்பா பொறுமையாகக் கேட்டார். "சரி, அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க. நல்லா வாசிப்பாரு."

மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டார். காபிகூடக் குடிக்காமல் பேனரைக் கழற்றப் போய்விட்டார்.

எங்கள் கல்யாண பேனரை அவர்தான் அடித்துக் கொடுத்தார். கல்யாணத்தன்று மண்டப வாசலில் பார்த்தால், அதில் பங்காளிகள், மாமன்மார், கேன்டீன் கன்னடக்காரர் எல்லாரும் இருந்தார்கள். அண்ணன் மட்டும் இல்லை.

"ஏண்ணே?"

"வேணாம் தம்பி. என்னால நீ இன்னொருவாட்டி தலை குனியக் கூடாது."

இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் நிஜமாக வெட்கப்பட்டேன். அவர் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போய், என் பக்கத்தில் நிறுத்திய பிறகுதான் போட்டோக்காரரை எடுக்கச் சொன்னேன்.